நின்ற நீருக்கு வந்த மீன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மீனைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டபோது, மறுபேச்சில்லாமல் சரி என்று சொன்ன அறக்கட்டளைக் குழுவுக்கு முதலில் என் நன்றி. கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். இந்தத் தேனி மாவட்டத்து ஆறுகளையும் ஓடைகளையும் பார்த்தபடியே வயதானவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட மீனை இங்கிருக்கும் பலரும் சாப்பிட்டிருப்பீர்கள். வைகை அணையில் பிடித்து, சாலையோரத்தில் குவித்துப் போட்டு விற்கிறார்களே, அந்த ஜிலேபி. ஜிலேபிக் கெண்டை என்றும் சொல்வோம். ஆனால் அது கெண்டை இனமே அல்ல. நூல்களில் அதன் பெயர் மொசாம்பிக் திலேப்பியா. சிக்லிட் என்னும் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஜிலேபி நம் ஆறுகளைப் பிடித்துக்கொண்டது, நாட்டு மீன்களை அழித்துவிட்டது என்ற குறை இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது, பாதி உண்மை. ஆற்றை நாம் எங்கெல்லாம் நிறுத்தினோமோ அங்கெல்லாம் அது குடியேறியது. பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீரில் அதனால் குடும்பம் நடத்த முடியவில்லை. அங்கே இன்னும் நம் மலையோடை மீன்களுக்கு இடம் இருக்கிறது. அந்த ஓட்டத்தைக் காப்பாற்றினால் மீனைக் காப்பாற்றியதாகும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜிலேபி வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில், சாம்பேசி ஆறு தொடங்கித் தெற்கே தென்னாப்பிரிக்கா வரை, கடலை நோக்கி மெதுவாகச் சாயும் ஆறுகளின் கீழ்ப்பகுதியும் காயல்களும் கழிமுகங்களும்தான் இதன் தாயகம். அங்கேயும் மலைப்பகுதியின் வேகமான ஆறுகளை அது நாடுவதில்லை. 1930-களின் இறுதியில் ஜாவாத் தீவின் தென்கரையில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இந்த மீன் தென்பட்டது. ஆப்பிரிக்க மீன் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது தெளிவாகவில்லை. அதைக் கண்டெடுத்து நன்னீரில் வாழப் பழக்கியவர் முஜாயிர் என்ற ஊர்க்காரர். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு அவர் பெயர்தான். இரண்டாம் உலகப் போரின் பஞ்ச காலத்தில் தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் குளங்களில் அதை வளர்த்தார்கள். போருக்குப் பின், மலிவான புரதம் தேடிய நாடுகள் எல்லாம் அதை வரவழைத்தன. 1952-ல் பாங்காக்கிலிருந்து நம் மண்டபத்துக்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கையிலும் நுழைந்தது.

வரவழைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோற்றுக்கே வழியில்லாத காலம் அது. தீனி போடாமல், கவனிக்காமல், பாசியையும் மக்கிய இலையையும் தின்று வளரும் மீன் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? தவறு எங்கே என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. விட்ட குளங்களில் மற்ற மீன்களுக்கு இடமில்லாமல் ஜிலேபியே நிறைந்தது. 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு, இனி இதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணையைக் காமராசர் திறந்து வைத்ததும் 1959 சனவரியில்தான். மீனைப் பரப்பாதே என்று காகிதத்தில் எழுதிய அதே ஆண்டில், அந்த மீனுக்கு உகந்த நின்ற நீர், 71 அடி ஆழத்துக்குத் தேக்கும் கொள்ளளவோடு இந்த மாவட்டத்தில் தயாராகிவிட்டது.

ஏன் உகந்தது? அதற்கு அது குஞ்சு வளர்க்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் வைகை அணையில் நீர் வற்றி, கரைச்சேறு வெளியே தெரியும்போது போய்ப் பாருங்கள். மண்ணில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் இருக்கும். சில உள்ளங்கை அகலம், சில தாம்பாள அகலம். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வரிசையாக இருக்கும். எருமை மிதித்த தடம் என்று கடந்து போவார்கள். அவை ஆண் ஜிலேபி வாயால் மண்ணைக் கவ்விக் கவ்வித் துப்பித் தோண்டிய கூடுகள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உடல் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு விளிம்பு சிவக்கும். தன் குழியைச் சுற்றி வேறு ஆண் வராமல் காவல் காக்கும். பெண் அந்தக் குழியில் முட்டையிட்ட கையோடு, முட்டைகளை வாயில் அள்ளிக்கொள்கிறது. அதோடு ஆணின் வேலை முடிந்தது, குழியின் வேலையும் முடிந்தது. சில நாளில் தாயின் வாய்க்குள்ளேயே குஞ்சு பொரிக்கும். பிறகும் வெளியே விட்டு, ஆபத்து என்றால் மீண்டும் வாய்க்குள் சேர்த்து, ஏறத்தாழ மூன்று வாரம் வைத்துக் காக்கும். அந்த நாள்களில் தாய் பெரும்பாலும் பட்டினிதான். குளத்தில் வளரும் ஜிலேபி இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஆண்டுக்குப் பலமுறை ஈனும்.

கெண்டையும் கட்லாவும் இலட்சக்கணக்கில் முட்டை போட்டு, பிழைத்தது பிழைக்கட்டும் என்று விட்டுவிடும் மீன்கள். புது வெள்ளம் வந்தால்தான் அவற்றுக்குச் சினை இளகும். ஜிலேபி சில நூறு முட்டைதான் போடுகிறது. வெள்ளத்துக்குக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு குஞ்சையும் வாயில் வைத்துக் கரைசேர்க்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் அதற்குப் பெரிய இழப்பில்லை, முட்டைதான் தாயின் வாயில் இருக்கிறதே. ஆணுக்கு வேண்டியது, ஆழமில்லாத, அசையாத, மண்ணடித்த கரை. நீர்த்தேக்கத்தின் ஓரம் முழுவதும் அதுதானே! தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் பலவற்றில், வைகை உட்பட, ஜிலேபி பெருகியதை மீன்வள ஆய்வுகள் பதிந்து வைத்திருக்கின்றன. கூட்டம் கூடக்கூட மீனின் அளவு சுருங்கும். கையளவுக்கு மேல் வளராத மீனாகவே குளம் நிறைந்துவிடும். மீனவருக்கு எடை உண்டு, விலை இல்லை.

அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் பராக்கிரமபாகு மன்னர் காலத்துக் குளங்களிலும் அதற்கு முந்தைய குளங்களிலும், 1952-க்குப் பின் உள்நாட்டு மீன்பிடித் தொழில் என்று ஒன்று உருவானதே இந்தத் திலேப்பியாவால்தான். கடற்கரையிலிருந்து தொலைவில், வறண்ட நிலத்தில் வாழும் ஏழைக் குடும்பங்களின் தட்டில் மீன் விழுந்தது. நம் பக்கத்திலும் அப்படித்தான். வாரச்சந்தையில் கடல் மீன் விலையைக் கேட்டுவிட்டு, ஜிலேபியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் கூலிக்காரப் பெண்ணிடம் அந்நிய இனப் படையெடுப்பு என்று பாடம் நடத்த எனக்கு உரிமை கிடையாது. அணை மீனாக அது இருந்துவிட்டுப் போகட்டும். பிடியுங்கள், விற்றுக்கொள்ளுங்கள், நன்றாகக் குழம்பு வையுங்கள். கட்லா, ரோகு, மிருகால் மட்டும் என்ன, நம் ஆற்றில் பிறந்ததா? கங்கைச் சமவெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவைதான் அவையும். என் கவலை அணைக்கு மேலே, மலைக்குள்ளே.

அதற்குமுன் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம். சிக்லிட் குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்களே 1,700-க்கு மேல். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் நடு அமெரிக்காவும்தான் அதன் பெருவீடு. மடகாஸ்கரில் கொஞ்சம், மேற்கு ஆசியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அப்புறம் நாம். இந்தியாவுக்குச் சொந்தமான சிக்லிட்கள் மூன்றே மூன்று. முதலாவது கரிமீன், கேரளத்தின் மாநில மீன். இரண்டாவது, கேரளத்தில் பல்லத்தி என்று சொல்லும், மஞ்சள் உடலில் புள்ளி வைத்த சின்ன மீன். இதன் குஞ்சுகள் தாய் தந்தையின் உடலில் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்று வளரும். கரிமீனுக்கும் பல்லத்திக்கும் இன்னோர் ஒப்பந்தமும் உண்டு. பல்லத்திக் குஞ்சு கரிமீனின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும், கரிமீன் அசையாமல் நின்று கொடுக்கும். இவை இரண்டும் காயலையும் உப்பங்கழியையும் குளத்தையும் விரும்புபவை.

மூன்றாவதுதான் என் உரைக்கு வேண்டியது. தென் கன்னட மாவட்டத்திலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1877-ல் ஃபிரான்சிஸ் டே அதை விவரித்தார். சென்னை மாகாணத்தில் இராணுவ மருத்துவராக வந்து, இந்திய மீன்களையெல்லாம் தொகுத்து எழுதியவர் அவர். அவர் வைத்த கானரென்சிஸ் என்ற பெயரே அந்த நிலத்தைக் குறிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் நேத்ராவதி, அதன் கிளையான குமாரதாரா போன்ற கல்லும் பாறையுமான ஆறுகள்தான் அதன் இடம். வெளிறிய உடலில் மேலிருந்து கீழாகப் பட்டைகள். கழியும் குளமும் வேண்டாம் என்று ஓடும் தெளிநீரைப் பிடித்துக்கொண்ட ஒரே இந்திய சிக்லிட் இது. உலகில் வேறெங்கும் கிடையாது. இந்த மூன்றுக்கும் நெருங்கிய உறவினர்கள் இருப்பது மடகாஸ்கரில். நிலப்பிளவு பிரித்ததா, கடலைக் கடந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எப்படியோ, மிக நீண்ட காலத்துக்கு முன் பிரிந்த உறவு.

வேகமான ஆற்றுக்குப் போன சிக்லிட் எப்படியெல்லாம் மாற வேண்டியிருந்தது என்பதைக் காங்கோ ஆற்றில் பார்க்கலாம். கின்ஷாசா நகரத்துக்குக் கீழே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த ஆறு பாறை இடுக்குகளில் குதித்துப் பாய்கிறது. சில இடங்களில் ஆழம் 200 மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே வாழும் சிக்லிட்கள் நீந்துவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பை அவற்றில் சுருங்கிவிட்டது. மிதந்தால் ஆறு அடித்துக்கொண்டு போய்விடுமே. உடல் நீண்டு, தரையோடு தரையாகப் பாறைப் பொந்தில் ஒண்டி வாழ்கின்றன. 1976-ல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்குப் பார்வையே இல்லை, நிறமும் இல்லை. ஆற்றின் அடி ஆழத்து இருளில் வாழும் மீன் அது. மீனவர்கள் கையில் கிடைப்பதெல்லாம் செத்ததும் சாகப்போவதும்தான். ஆழத்திலிருந்து நீரோட்டம் சட்டென்று மேலே தள்ளிவிட, அழுத்தம் குறைந்து தோலுக்கடியில் காற்றுக் குமிழ் கட்டிவிடுகிறது. அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மெலனி ஸ்டியாஸ்னி குழுவினர் பல ஆண்டுகள் அந்த ஆற்றில் ஆராய்ந்து இதை விளக்கினார்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓடும் நீரில் வாழ்வது எந்த மீனும் ஒரு தலைமுறையில் கற்றுக்கொள்ளும் பாடமல்ல. நம் ஜிலேபி தட்டையான, உயரமான உடல்காரன். ஓட்டம் பக்கவாட்டில் அடித்தால் தள்ளிக்கொண்டு போகும். மண்கூடு கட்டினால் கரைந்துவிடும். வாயிலிருந்து குஞ்சை வெளியே விட்டால் திரும்ப அள்ள அவை அங்கே இருக்காது. காங்கோவின் உறவுக்காரர்கள் எத்தனையோ தலைமுறை எடுத்துச் செய்ததை, 1952-ல் வந்த மீன் செய்திருக்க வழியில்லை.

அந்தப் பாடத்தை நம் மலையோடை மீன்கள் படித்து முடித்தவை.

1930-லேயே சுந்தர்லால் ஹோரா என்ற இந்திய விலங்கியலாளர், மலையருவிகளில் வாழும் உயிரினங்கள் எப்படிப் பாறையைப் பற்றுகின்றன என்று விரிவாக எழுதினார். அவர் எழுதியதை நேரில் பார்க்க இமயமலைக்குப் போக வேண்டாம், கும்பக்கரை அருவிக்குப் போனால் போதும். கல்லை நக்கித் தின்னும் கர்ரா இன மீனைத் தண்ணீரில் நனைந்த கையில் எடுத்துப் பாருங்கள். கீழுதடு வட்டமான திண்டாகப் பருத்திருக்கும். அதை உள்ளங்கையில் அழுத்தி ஒட்டிக்கொள்ளும். கையைச் சாய்த்தாலும் சட்டென்று விழாது. வயிறு தட்டை. நெஞ்சுத் துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்து தரையைப் பிடிக்கும். ஓடைப்பாறையில் பாசி வழித்தெடுத்த சிறுசிறு கீற்றுகள் தெரிந்தால் அது மேய்ந்த இடம் என்று தெரிந்துகொள்ளலாம். மலைப்பாறை ஓடைகளில் கல்லடியில் பதுங்கும் பட்டை போட்ட அயிரை உறவினங்களும், அருவிக்குக் கீழே நீரோட்டத்தை எதிர்த்து நின்று பூச்சி பிடிக்கும் வெள்ளிக்கோடு போன்ற சிறு மீன்களும் உண்டு.

சமவெளிக்கு இறங்கினால் அயிரை. மதுரைக்கும் தேனிக்கும் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு வாங்கி, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, முழுசாகக் குழம்பில் போடும் ஊர் இது. ஆனால் அதன் கண்ணுக்குக் கீழே பார்த்திருக்கிறீர்களா? இரண்டாகப் பிளந்த ஒரு சின்ன முள் தோலுக்குள் மடங்கிக் கிடக்கும். ஆபத்து வந்தால் நிமிரும். ஓடும் நீரின் அடியில் உள்ள நைஸ் மணலில் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வாழும். அறிவியல் பெயரில் வெந்நீரைக் குறிக்கும் சொல் இருப்பதற்குக் காரணம், 1846-ல் முதலில் விவரிக்கப்பட்ட மாதிரி திருகோணமலை கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்தது. அதற்கு வேண்டியது மணல். மணலைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியது ஓட்டம். மணலை லாரியில் ஏற்றிவிட்ட ஆற்றில், சேறு படிந்த தடுப்பணையில், அயிரை இருக்காது. மதுரைக் கடையில் அயிரை விலை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து வருத்தப்படுபவர்கள், வைகையின் மணல் எங்கே போனது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்கின் தனித்த கதைக்கு வருகிறேன். பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆறு. வைகை கிழக்கே போகும் ஆறு. நடுவில் மலை. 1895-ல் பென்னிகுவிக் பெரியாற்றின் குறுக்கே அணையைக் கட்டி முடித்து, தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்றே கூடுதலான சுரங்கம் வழியாக நீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பினார். அதனால் மதுரை, இராமநாதபுரம் வரை பிழைத்தது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த நீரை நம்பியிருக்கிறது. பென்னிகுவிக் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் ஊர் இது. அந்த நன்றி எனக்கும் உண்டு.

மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறொரு பெரிய நிகழ்ச்சி. எத்தனையோ இலட்சம் ஆண்டுகள் மலையால் பிரிந்திருந்த இரண்டு ஆறுகள் ஒரே நாளில் இணைந்தன. சுரங்கத்து நீரில் இயங்கும் லோயர் கேம்ப் மின்நிலையம் வந்தது 1950-களின் இறுதியில். அதற்குமுன் அறுபதாண்டுக்கு மேல் சுரங்கத்து நீர் திறந்த ஓடையாகவே வைரவனாற்றில் இறங்கியது. தண்ணீர் வந்த வழியில் மீனும் வரலாம். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் முல்லையாற்றில் இன்று கிடைக்கும் ஒரு மீனைக் கையில் எடுத்து, இது வைகைக்கே உரியதா, பெரியாற்றிலிருந்து இறங்கியதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

பெரியாற்றின் மேல்பகுதியில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை 1941-ல் விவரித்தவர், சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த சுந்தர ராஜ். லெபிடோபைகாப்சிஸ் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. நீண்ட காலம் அதை இமயமலைக் குளிர்நீர் மீன்களின் உறவாகக் கருதினார்கள், அது இங்கே நம் தலைக்கு மேலே தனித்து நிற்கிறது. பெரியாற்று நீர்த்தேக்கத்தில் இன்று காமன் கார்ப் கெண்டையும் ஜிலேபியும் இருக்கின்றன. அணையில் ஏறிய கெண்டை தின்னும் இரையும் இந்த மீன் தின்னும் இரையும் ஒன்றாக இருப்பதை ஆய்வாளர்கள் எச்சரித்திருக்கிறார்கள். லெபிடோபைகாப்சிஸுக்குத் தஞ்சம், தேக்கத்தில் வந்து விழும் பாறை ஓடைகள். நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நெருங்கிய சாட்சி வேண்டுமா? தேக்கம் வந்தவனுக்கு, ஓட்டம் இருந்தவனுக்கு என்று பங்கு பிரிந்திருக்கிறது.

நம் பக்கத்து ஓட்டங்களின் நிலை என்ன? லோயர் கேம்ப், குருவனூத்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லையாறு இறங்கும் வழியெல்லாம் தடுப்பணைகளும் வாய்க்கால் தலைப்புகளும் சிறு புனல்மின் நிலையங்களும். போடி மலையிலிருந்து கொட்டகுடி ஆறு. பெரியகுளத்துக்கு வராக நதி, அதன்மேல் சோத்துப்பாறை அணை. தேவதானப்பட்டிக்கு மஞ்சளாறு, அதற்கும் அணை. இராயப்பன்பட்டிக்குச் சண்முகாநதி, அதற்கும் அணை. எல்லாம் வேண்டும், விவசாயிக்கும் வேண்டும், குடிநீருக்கும் வேண்டும். அணையை இடிக்கச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடுப்புக்கும் மேலே ஒரு சின்ன வைகை அணை உருவாகிறது. மண் படிகிறது, நீர் அசையாமல் நிற்கிறது, ஜிலேபிக்கு வீடு தயார். தடுப்புக்குக் கீழே கோடையில் கல் மட்டும் மிஞ்சுகிறது. புதுத்தண்ணி வந்ததும் எதிர்த்து ஏறும் மீன் அந்தச் சுவரில் முட்டி நிற்கிறது. ஊத்தாவும் கூடையும் வைத்து அங்கேயே அள்ளிவிடுகிறோம். ஏறிப்போய் முட்டையிட வேண்டிய மீன் அது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். நாட்டு மீனைத் தடுக்கும் சுவர் ஜிலேபியையும் தடுக்கிறது. சுருளி அருவியும் கும்பக்கரையும் இயற்கை கட்டிய சுவர்கள், கீழிருந்து ஜிலேபி அவற்றின்மேல் ஏற முடியாது. அருவிக்கு மேலே அது போனால் மனிதக் கை கொண்டுபோய் விட்டதாகத்தான் இருக்கும். சுருளிக்கு மேலே ஹைவேவிஸ் பக்கம் மணலாறு, இரவங்கலாறு, தூவானம் என்று மலையுச்சியிலேயே தேக்கங்கள் இருப்பதை நினைத்தால் எனக்குப் பயம் வருகிறது. அங்கே யாரோ நல்லெண்ணத்தில் ஒரு வாளி குஞ்சைக் கொட்டினால், மேலிருந்து கீழே ஒவ்வோர் ஓடையின் ஒவ்வொரு மடுவுக்கும் அது வந்து சேரும். குளிர் கொஞ்சம் காப்பாற்றும். ஜிலேபி குளிரில் ஈனாது. மற்ற அந்நிய மீன்களுக்கு அந்தக் குளிரும் தடையில்லை. ஆகவே என் முதல் வேண்டுகோள், அருவிக்கு மேலே எந்த மீனையும் விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன அலங்கார மீனை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வைகை பிறக்கும் காடு அதற்குள் வந்துவிட்டது. புலிக்குப் போட்ட வேலி மீனுக்கும் உதவும், அங்கே அந்நிய மீன் நுழையாமல் பார்த்துக்கொண்டால்.

இரண்டாவது வேண்டுகோள் கோடையைப் பற்றியது. கும்பக்கரையில் யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அந்த மாதிரிப் பாறை மடுக்களான கெஜங்கள்தான் மாசி முதல் வைகாசி வரை ஓடை மீனுக்கு உயிர்நாடி. ஓடை வற்றிய நாளில் ஒரு மைல் ஓடையின் மீன் அனைத்தும் ஒரு கெஜத்தில் ஒண்டியிருக்கும். அதில் ஒரு தோட்டா வெடித்தால், ஒரு பை பிளீச்சிங் பவுடரைக் கரைத்தால், அடுத்த மழைக்கு விதைமீன் மிஞ்சாது. இப்படிப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் வயிற்றுக்காகப் பிடிப்பவர்கள் அல்ல, சுற்றுலா வந்த உற்சாகத்தில் செய்பவர்கள். ஊர்ப் பஞ்சாயத்தும் வனத்துறையும் சேர்ந்து ஒவ்வோர் ஓடையிலும் இரண்டு மூன்று கெஜங்களைக் கோடை முழுவதும் கைவைக்காத இடமாக வைத்தால் போதும். அவற்றைத் தேர்ந்தெடுக்க விஞ்ஞானி வேண்டாம், அந்தந்த ஊரில் மாடு மேய்ப்பவருக்கு எந்தக் கெஜம் வற்றாது என்று தெரியும்.

மூன்றாவது, பொறியாளர்களுக்கு. தடுப்பணை கட்டும்போது செங்குத்தாகச் சுவர் எழுப்பி முடித்துவிடாமல், ஓர் ஓரத்தில் உருண்டைக் கல் பதித்த சரிவு ஒன்று அமைத்துவிடுங்கள். வெள்ளக் காலத்தில் நீர் அதன்மேல் படிப்படியாக இறங்கும், சின்ன மீனும் ஏறிவிடும். உலகில் பல நாடுகளில் இப்படிச் செய்கிறார்கள். எங்கே அமைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஜிலேபி இன்னும் ஏறாத ஓடைக்கு அதுவே வழி திறந்துவிடக் கூடாது. அதைத் தீர்மானிக்க, எந்த ஓடையில் எந்த மீன் இருக்கிறது என்ற கணக்கு முதலில் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை எடுக்க வேண்டியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள். கொட்டகுடி ஆற்றிலிருந்து தொடங்குங்கள். தேனியில் ஆறு சேரும் இடத்திலிருந்து போடி வரை, அங்கிருந்து அணைப்பிள்ளையார் அணைக்கட்டு வரை, காட்டுக்குள் போக அனுமதி கிடைத்தால் குரங்கணிக்கு மேலேயும். ஒவ்வொரு தடுப்புக்கும் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். கைவலை, ஒரு வெள்ளைத் தட்டு, அளவுகோல், கைபேசிக் கேமரா இருந்தால் போதும். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத மீன் என்றால் பயப்படாதீர்கள், முதலில் மூக்கைப் பாருங்கள். கெண்டைக்கும் அயிரைக்கும் ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு நாசித்துளை இருக்கும். சிக்லிட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்றுதான். பெரிய மீனோ விரலளவுக் குஞ்சோ, இந்த அடையாளம் மாறாது. ஆற்றோடு மேலே போகப்போக, ஒற்றைத் துளை மீன் கடைசியாகக் கிடைத்த இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேதியும், நீர் ஓடியதா நின்றதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் போய்ப் பாருங்கள். அந்தக் குறிப்பேட்டின் ஒரு படியை மீன்வளத் துறைக்கும் ஒரு படியை வனச்சரகத்துக்கும் கொடுங்கள். அதைத் தொடங்கும் மாணவர்களுக்கு வேண்டிய புத்தகங்களும் என் பழைய குறிப்புகளும் என் வீட்டில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்.